மேடேறிய தண்ணி

விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குப் பின்னால் இருக்கிற மேட்டுத் தெருவில் இருபத்திரண்டு வீடு, பத்துக் கிணறு. சேலம் ரோட்டிலிருந்து பார்த்தால் ஆள் உயரத்துக்கு மேல் மேடு. எவ்வளவு மழை அடித்தாலும் தெருவில் தண்ணீர் நிற்காது. எல்லாம் வழிந்து ரோட்டைத் தாண்டி மணிமுத்தாற்றுப் பக்கம் ஓடிவிடும். ரோட்டை ஒட்டின பள்ளத்தில் முன்பு ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. எண்பத்தேழிலேயே மூடிவிட்டார்கள். பம்பு மிஷின்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு தகரக் கூரை மட்டும் நின்றது. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வெயிலுக்கு அதன் அடியில் ஒதுங்குவார்கள்.

தொண்ணூறாம் வருஷம் வைகாசியில் ஒருநாள் பெரியம்மாள் வீட்டுச் சோற்றில் எண்ணெய் வாடை அடித்தது. ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் ஊற்றின கையோடு அரிசி களைந்துவிட்டாள் என்று மருமகளைத் திட்டித் தீர்த்தாள். மறுநாள் தானே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உலை வைத்தாள். அன்றைக்கும் அடித்தது. அப்புறம்தான் குடத்தை மோந்து பார்த்தாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீடு தர்மராஜுடையது. பேட்டையில் இருக்கிற ஏழெட்டு யூனிட்டுகளுக்குக் களிமண்ணைக் கழுவி, வடிகட்டி, குழம்பாக்கித் தருகிற தொழில். வீட்டுக்குப் பின்னால் படிப்படியாக இறங்குகிற மாதிரி ஆறு தொட்டிகள். மேல் தொட்டியில் கரைத்து விட்டால் மணலும் கப்பியும் அங்கங்கே தங்கி, கடைசித் தொட்டிக்கு வெண்ணெய் மாதிரி மண் வந்து சேரும். தண்ணீர் நிறைய வேண்டும் என்று எண்பத்தெட்டில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே போர் போட்டு மூணு எச்.பி. மோட்டார் இறக்கியிருந்தார்கள். மூலையில் சின்னதாக ஒரு சூளையும் உண்டு. ஊறுகாய் ஜாடிகளும் பிள்ளையார் பொம்மைகளும் அதில் வேகும். சூளை எரிக்க எண்ணெய். அந்த எண்ணெய்த் தொட்டி பெரியம்மாள் வீட்டு மதிலை ஒட்டி இருந்தது.

“ஏண்டி நீலா, மோந்து பாரு. ஒன் சூள எண்ணெ என் வூட்டுக் கெணத்துல கெடக்குது.”

தர்மராஜின் பெண்சாதி நீலாவதி குடத்தை வாங்கி மோந்தாள். உள்ளே போய்த் தன் வீட்டுக் குடத்தை எடுத்துவந்து நீட்டினாள்.

“இதயும் மோந்து பாருங்க அத்த. எங்க வூட்டுலயும் மூணு நாளா அடிக்குது.”

“ஒன் வூட்டுலயும் அடிக்குதுன்னா ஒன் எண்ணெதான்னுதான அர்த்தம்?”

நீலாவதிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் மண் பரிசோதனைக் கூடத்தில் நாலு வருஷம் தினக்கூலியாக இருந்தாள். ஒரு லிட்டர் மண்குழம்பு எத்தனை கிராம், எத்தனை நிமிஷத்தில் ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று அளந்து நோட்டில் எழுதுகிற வேலை. வாய்ப்பேச்சில் எதையும் ஒத்துக்கொள்ளவும் மாட்டாள், மறுக்கவும் மாட்டாள். அளந்து பார்க்கணும் அவளுக்கு.

இரண்டு பீங்கான் தட்டை எடுத்து வெயிலில் வைத்தாள். ஒன்றில் சூளை எண்ணெய் ஒரு கரண்டி. இன்னொன்றில் கிணற்று வாளியில் மேலாக மிதந்த படலத்தை வழித்து ஊற்றினாள். பெரியம்மாளையும் உட்கார வைத்தாள். மோர் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கிணற்றுப் படலம் இருந்த தட்டு துடைத்துவிட்ட மாதிரி காய்ந்துபோயிற்று. சூளை எண்ணெய் கறுப்பாக அப்படியே கிடந்தது.

“பாத்தீங்களா? எங்க எண்ணெ பத்து நாளு ஆனாலும் காயாது அத்த. இது வேற. இது பெட்ரோலு.”

“தட்ட காட்டி ஏமாத்தாதடி. பெட்ரோலுக்கு நான் எங்க போவன்? எங்க வூட்டுல சைக்கிளு கூட கெடையாது” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மாள் மோர் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆனி மாதம் பெரிய கேடு நடந்தது. பெரியம்மாளின் மகன் பூபாலன் லாரி பட்டறையில் வெல்டர். மத்தியானம் சாப்பிட வந்தவன் கைகால் கழுவக் கிணற்றில் வாளியை விட்டான். வாயில் பீடி. குனிந்து இழுக்கும்போது கங்கு உள்ளே விழுந்தது. கிணற்றிலிருந்து குப்பென்று தீ எழும்பி அவன் உயரத்துக்கு வந்து அடங்கியது. கத்தக்கூட அவனுக்கு நேரமில்லை. புருவம், மீசை, இரண்டு கை, கழுத்து. பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வாழை இலையில் படுத்துக் கிடந்தான். உயிர் தங்கிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் தெருவே தர்மராஜ் வீட்டுக்குள் புகுந்தது. சூளைக் கதவைக் கழற்றி எறிந்தார்கள். காய வைத்திருந்த ஜாடிகளும் அச்சுகளும் நொறுங்கின. தர்மராஜ் தடுக்கவில்லை. கடைசித் தொட்டியின் விளிம்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ‘சூளையை எடுக்கணும், இல்லாட்டி ஊரைவிட்டுப் போகணும்’ என்று சொன்னார்கள். பெரியம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள்.

நீலாவதி சொன்னது ஒன்றுதான். “சூள எரிக்க மாட்டம். எங்க எண்ணெதான்னு ஆச்சின்னா நாங்களே போயிடறம். ஆனா எதுன்னு தெரியணும். தெரியாம போனா, நாங்க போன பொறவும் ஒங்க கெணறு நாறும்.”

மறுநாள் இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வாயை மெழுகால் அடைத்து, மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள். நிலத்தடி நீர் ஆபீசைத் தேடிக் கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே இளவழகன் என்று ஒரு இளம் நிலவியலாளர் இருந்தார். பாட்டிலைத் திறந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

“குடிக்கிறீங்களாம்மா இத?”

“குடிக்கலைங்க சார். குளிக்கறதுகூட இல்ல. ஒருத்தரு வெந்து போயிட்டாரு.”

நாலாம் நாள் ஜீப்பில் வந்தார். தெருவின் பத்துக் கிணற்றையும் பார்த்தார். பங்க் வளாகத்துக்குள் முள் மண்டிக் கிடந்த பழைய கிணற்றையும் பார்த்தார். ஆக மொத்தம் பதினொன்று. லெவல் மிஷினை முக்காலியில் நிறுத்தி எல்லாக் கிணற்றுச் சுவரின் உயரத்தையும் எடுத்தார். மேட்டுத் தெருக் கிணறுகளின் சுவர் எல்லாம் ஏறத்தாழ ஒரே மட்டம். பங்க் கிணற்றுச் சுவர் அதைவிட ஒன்பது அடி கீழே. பத்தில் ஐந்து கிணற்றில் வாடை இருந்தது. தர்மராஜ் வீட்டில்தான் அதிகம்.

பங்க் முதலாளி பாலகிருஷ்ணனுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளை வேட்டி, கையில் குடை. அப்பா நடத்தின பங்க், அவர் இறந்தபிறகு மூடியது. மரியாதையான மனுஷன்தான்.

“தாராளமா பாருங்க சார். பூமிக்கு அடியில ரெண்டு டேங்கு கெடக்குது. மூடும்போதே எடுக்கணும்னாங்க, நான் வுட்டுட்டன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. எங்க எடம் பள்ளம், அவுங்க மேடு. தண்ணி மேட்டுக்கு ஏறுமா?”

இளவழகன் முக்காலியை மடக்கினார். போகும்போது நீலாவதியிடம் ஒளிக்காமல் சொன்னார்.

“அவரு கேக்கறது நியாயந்தாம்மா. நெலத்துக்கு அடியில தண்ணியும் ஆத்துப் பக்கம்தான் சரியும். இது பெட்ரோலு, அதுல சந்தேகமில்ல. ஆனா பங்க்குலேர்ந்து உங்க வூட்டுக்கு எப்படி வந்துச்சின்னு எனக்கே வெளங்கல. ஒருநாள் அளந்தா பத்தாது. மழை, வெயிலு ரெண்டையும் பாக்கணும். நான் மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் வர முடியும். பாஞ்சி நாளைக்கு ஒருக்கா யாராவது அளந்து எழுதினா...”

“நான் எழுதறன் சார்.”

அவர் ஒரு இரும்பு டேப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். டேப்பின் நுனியில் ஐந்து அடிக்குச் சாக்பீஸ் தேய்த்துக் கிணற்றில் விடணும். நனைந்த இடத்தில் சாக்பீஸ் கறுத்துப்போகும். அதை வைத்துத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கணக்குப் பண்ணணும். அப்புறம் கல் கட்டின பாட்டிலை இறக்கித் தண்ணீர் எடுத்து, வாடை உண்டா, படலம் உண்டா, எவ்வளவு என்று எழுதணும்.

எழுதலாம். கிணற்றண்டை விட்டால்தானே? முதல் தடவை போனபோது நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பெரியம்மாள் கிணற்றின் மேல் தகரத்தைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“என் புள்ளைய எரிச்சது போதாதுன்னு இன்னம் என்னாத்த எறக்கப் போற உள்ள?”

“டேப்பு அத்த. அளக்கறதுக்கு.”

“ஒண்ணும் அளக்க வேணாம். போ.”

நீலாவதி போகவில்லை. வாசலிலேயே நின்றாள். வெயில் உச்சிக்கு வந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பூபாலன் கையில் துணிக்கட்டோடு எழுந்து வந்தான். கழுத்துத் தோல் வழுவழுவென்று சிவந்து இருந்தது.

“அளக்கட்டும்மா, வுடு. யாரா இருந்தாலும் தெரியட்டும். வெந்தது நானு. எனக்குத் தெரியணும்.”

அதற்குப் பிறகு யாரும் தடுக்கவில்லை. பேசவும் இல்லை.

இப்படியாக ஒரு வருஷம், இன்னொரு வருஷம். அமாவாசைக்கு மறுநாள், பௌர்ணமிக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டாள், மறக்காமல் இருக்கும் என்று. காலையில் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவாள். ஐப்பசி அடைமழையில் முழங்கால் சேறு. தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு போவாள். அக்னி நட்சத்திரத்தில் கிணற்றுச் சுவரில் கை வைக்க முடியாது. பங்க் கிணற்றுக்குப் போகிற வழியில் காரைமுள் கிழித்துக் காலெல்லாம் தழும்பு. மகள் அகல்யா பெரியவளான அன்றைக்கும், வந்திருந்த சொந்தக்காரர்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போய் அளந்துவிட்டுத்தான் வந்தாள். குடிக்கிற தண்ணீரைத் தெருவே முனிசிபாலிட்டி லாரியில் பிடித்தது. தொட்டிகளுக்கு மட்டும் போர் தண்ணீர். வாடை அடித்தாலும் மண் கழுவ அது போதும். சூளை எரியவில்லை, தொட்டி ஓடியது, அதில் சோறு தின்றார்கள்.

நோட்டில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. மழைக்காலத்தில் வாடை குறைந்து, கோடையில் ஏறும். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

தொண்ணூற்றிரண்டு சித்திரையில் போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. சுற்றி வாங்கப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோராம் நாளில்தான் அளக்கிற தேதி வந்தது. தன் வீட்டுக் கிணற்றில் டேப்பை விட்டவள் திரும்பவும் விட்டாள். மூன்றாம் முறையும் விட்டாள். போன தடவை முப்பத்தி நாலு அடியில் இருந்த தண்ணீர் இருபத்தொன்பதுக்கு வந்திருந்தது. சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாமல், ஐந்து அடி ஏறியிருந்தது. பெரியம்மாள் கிணற்றிலும் ஏறியிருந்தது. வாடையும் குறைந்திருந்தது.

மோட்டார் வந்து ஓட ஆரம்பித்தது. அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் தினமும் அளந்தாள். எட்டு நாளில் தண்ணீர் திரும்பவும் முப்பத்தி நாலுக்குப் போய்விட்டது.

அன்றைக்குத் தொட்டித் தளத்தில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். பங்க் கிணற்றில் தண்ணீர் இருபத்தொரு அடியில். தன் வீட்டில் முப்பத்தி நாலில். பதின்மூன்று அடி வித்தியாசம். தரை மேடு ஒன்பது அடி, அதைக் கழித்தால் நாலு. பூமிக்கு அடியில் தன் வீட்டுத் தண்ணீர் பங்க் தண்ணீரைவிட நாலு அடி பள்ளத்தில் இருந்தது. கார்த்திகை மாத நம்பரைப் போட்டாள். அங்கே பன்னிரண்டு, இங்கே பதினேழு. இப்போது தன் வீடுதான் நாலு அடி மேடு. மேலே தரை அப்படியே இருக்க, அடியில் மேடும் பள்ளமும் மாறி மாறி வந்திருக்கிறது. கோடையில் அந்தப் பள்ளத்தைத் தோண்டியது தன் வீட்டு மோட்டார்.

மத்தியானம் தர்மராஜ் சாப்பிட உட்கார்ந்தான். களியும் கருவாட்டுக் குழம்பும். அவன் முடிக்கிறவரைக்கும் இருந்து சொன்னாள்.

“ஏங்க, பங்க்குலேர்ந்துதான் வருது. தெரிஞ்சிபோச்சி.”

தர்மராஜ் முகம் மலர்ந்துபோனது. “நான்தான் அப்பவே சொன்னன்ல? இரு, அந்தக் கெழவிகிட்ட போயி...”

“இன்னம் முழுசா சொல்லல. அது தானா வரல. நம்ப மோட்டாருதான் இழுத்துக்கிட்டு வந்துருக்குது.”

அவனுக்குப் புரிய வைக்கச் சாக்பீஸ் கணக்கைத் திரும்பவும் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. புரிந்ததும் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தான்.

“சாருக்குத் தெரியுமா?”

“அடுத்த வாரம் வராரு.”

“அந்தப் பதினோரு நாளு நம்பர எழுதாம வுட்டுடு. பங்க்குலேர்ந்து வருதுன்னு மட்டும் காட்டு.”

“எழுதிட்டன்.”

“கிழிச்சிடு. ஒரு தாளுதான?”

“அத கிழிச்சா மத்த நம்பருக்கும் அர்த்தமில்ல. பள்ளத்துத் தண்ணி மேட்டுக்கு எப்படி ஏறுனிச்சின்னு சாரு கேப்பாரு. என்னா சொல்லுவீங்க?”

“மோட்டார நிறுத்தச் சொல்லுவாங்க நீலா. தொட்டி காஞ்சிடும். தின்றது என்னாத்த? அதச் சொல்லு மொதல்ல.”

“தெரியல” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டே, “ஆனா நாம மோட்டாரு போட்டுக்கிட்டு இருக்கற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும். பூபாலன் வெந்த மாதிரி இன்னொருத்தன் வேவான். தெரிஞ்சிக்கிட்டு எப்படிங்க சுவிட்ச போடறது?” என்றாள்.

தர்மராஜ் எழுந்து போய்விட்டான். ஆனால் மறுநாள் காலையில் அவன் சுவிட்சைப் போடவில்லை. அவளிடம் பேசவும் இல்லை.

இளவழகன் வந்த அன்று பங்க்கின் தகரக் கூரைக்கடியில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். நீலாவதி நோட்டை வாசித்தாள். ஒன்பது அடியைக் கழிப்பது ஏன் என்பதை இரண்டு தடவை விளக்கினாள். மோட்டார் எரிந்த பதினோரு நாளையும் சொன்னாள். கடைசியில், “எங்க மோட்டாருதான் இழுத்துருக்குது. தெரிஞ்சி செய்யல. ஆனா நாங்கதான்” என்றாள்.

பெரியம்மாள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். பாலகிருஷ்ணன் குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“கேட்டுக்கங்க. அவுங்க வாயாலயே சொல்லிட்டாங்க. அவுங்க மோட்டாரு.”

“ஆமாங்க மொதலாளி. எங்க மோட்டாரு இழுத்துது. ஆனா எங்க மோட்டாருல பெட்ரோலு இல்லியே. இழுக்கறதுக்கு எங்கியோ இருந்துருக்கணும்ல?”

யாரும் சிரிக்கவில்லை. பாலகிருஷ்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் மேல் குற்றத்தைத் தானே போட்டுக்கொண்டவளைப் பொய் சொல்கிறாள் என்று எப்படிச் சொல்வது? இரண்டு வருஷமாகத் தன் கிணற்றுக்கு முள்ளில் நடந்து வந்து போனவள் அவள் என்பதும் அவருக்குத் தெரியும்.

“தோண்டிப் பாருங்க” என்றார் கடைசியில்.

டேங்கை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. ஒன்று நன்றாக இருந்தது. இரண்டாவதின் அடிவயிறு முழுக்கத் துரு. விரல் போகிற அளவுக்கு ஓட்டைகள். ‘காலி’ என்று எழுதி மூடின டேங்கில் எவ்வளவு மிச்சம் இருந்ததோ, பங்க் ஓடின காலத்திலேயே எத்தனை வருஷம் ஒழுகினதோ, தெரியாது. சுற்றியிருந்த மண் பச்சை கலந்த கறுப்பாக இருந்தது. பாலகிருஷ்ணன் அந்தக் குழியின் ஓரத்தில் வேட்டி அழுக்காவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். பூபாலன் எதிரில் நின்றான். அவன் கழுத்தை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“மண்ணையெல்லாம் நானே அள்ளிப் போட்டுடறன் தம்பி. இந்த எடத்த என்னா வேணா செஞ்சிக்கங்க” என்றார்.

டேங்கை எடுத்தாலும் ஊறினது ஊறினதுதான். அதை எடுக்க இளவழகன் ஒரு வழி சொன்னார். எந்த மோட்டார் மேட்டுக்கு இழுத்ததோ அதே மாதிரி ஒரு மோட்டாரைப் பங்க் வளாகத்திலேயே இறக்கி ஓட்டினால், பள்ளம் அங்கே விழும். தெருவுக்கு அடியில் பரவினது திரும்பி வரும். மேலே மிதக்கிறதை வழித்து எடுத்துவிடலாம். போர் போட ஆபீசில் ஏற்பாடு பண்ணிவிட்டார். மோட்டாருக்கு எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும்.

“எங்க மோட்டாரு சும்மாதான் கெடக்குது சார்” என்றாள் நீலாவதி.

வீட்டுக்கு வந்து தர்மராஜிடம் சொன்னாள். அவன் மாசக்கணக்கில் வேறொருவர் யூனிட்டில் கூலிக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தான். மண் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். ஆனால் மோட்டாரைக் கழற்ற வந்த ஆள் ஸ்பானரை முறுக்குவதைப் பார்த்துப் பொறுக்காமல், “தள்ளுய்யா, நட்டு மரை போயிடும்” என்று வாங்கித் தானே கழற்றினான். பங்க்குக்கும் தானே கொண்டுபோய் இறக்கினான். அங்கே இளவழகன், இறைக்கிற தண்ணீரை எங்கே விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நாற்றத்தோடு ஆற்றில் விட முடியாது.

தர்மராஜ் தரையைக் காலால் அளந்தான். “மண்ணு கழுவற தொட்டி மாதிரி கட்டுங்க சார். ஆறு படி. மேல் தொட்டியில எண்ணெ மெதக்கும், துணி போட்டு வழிச்சிடலாம். அடியிலேர்ந்து கொழா வச்சி தண்ணிய மட்டும் அடுத்த தொட்டிக்கு வுடணும். ஒவ்வொரு படியிலயும் ஒடஞ்ச பீங்கான் சில்ல பரப்பி, அது மேல சலசலன்னு விழவுட்டா வாட பறந்துடும். வெயிலும் காத்தும் பட்டா பெட்ரோலு நிக்காதுன்னு இவதான் தட்டுல காட்டுனா.”

இளவழகன் அவனையே பார்த்தார். “இத எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?”

“மண்ணுலதான் சார்” என்றான் தர்மராஜ். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று நீலாவதியிடம் சொன்னான். ஐந்து மாசத்துக்கு அப்புறம் அவளிடம் பேசின முதல் பேச்சு அது.

தொட்டியைத் தெருக்காரர்கள் கட்டினார்கள். பேட்டைக் குப்பையில் கிடந்த உடைந்த பீங்கான் சில்லுகளையெல்லாம் பெரியம்மாள் கூடை கூடையாகச் சுமந்து வந்து பரப்பினாள். நீலாவதியிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கூடையை இறக்கும்போது, “கை குடுடி” என்று மட்டும் சொன்னாள்.

பங்க் வளாகத்தில் மோட்டார் மூன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியது. நீலாவதி பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அளந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு கிணறாக வாடை விட்டது. கடைசியாக விட்டது அவள் வீட்டுக் கிணறு. பதினொரு கிணற்றிலும் தொடர்ந்து பன்னிரண்டு மாசம் வாடை இல்லாமல் இருந்தால் மோட்டாரைத் திரும்பவும் வீட்டில் இறக்கிக்கொள்ளலாம், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டலாம் என்று இளவழகன் சொல்லியிருந்தார். இன்றைக்கு மேட்டுத் தெருவில் எல்லாரும் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். தொண்ணூற்றாறு ஆவணியில் தர்மராஜ் வீட்டுத் தொட்டிகளும் நிரம்பிவிட்டன. ஆனால் ஒரு வருஷம் முன்னாலேயே நிரம்பியிருக்க வேண்டியவை அவை. அது ஏன் தள்ளிப்போனது என்பதையும் சொல்லவேண்டும்.

தொண்ணூற்றைந்தில் பத்து மாசம் சுத்தமாகப் போயிருந்தது. இன்னும் இரண்டு மாசம். தர்மராஜ் தொட்டி விரிசலுக்கெல்லாம் சிமெண்ட் பூச ஆரம்பித்திருந்தான். பேட்டையில் இரண்டு யூனிட்டுக்காரர்களிடம் மண்ணுக்குச் சொல்லியும் வைத்துவிட்டான். அந்த நேரம் பார்த்து நீலாவதிக்கு டைபாய்டு வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள். காய்ச்சல் வேகத்தில் அவளுக்கு நாள் தெரியவில்லை. அளக்கிற நாள் வந்து போனதும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் நோட்டை எடுத்தாள். ஒரு தேதி விட்டுப்போயிருக்கும் என்றுதான் திறந்தாள். பக்கம் நிரம்பியிருந்தது. பெரிய பெரிய எழுத்து. கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கின, பேனா பிடித்துப் பழகாத கை. பதினோரு கிணற்றுக்கும் அடிக்கணக்கு இருந்தது. அடித்து அடித்துத் திருத்தியிருந்தது. வாடை என்ற பத்தியில் பத்து இடத்தில் ‘இல்லை’. ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி.

‘நம்ப வூடு. லேசா வாடை இருக்குது. மூணு தரம் மோந்து பாத்தன். இருக்குது.’

நீலாவதி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே தர்மராஜ் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தான், அவளுக்கு ரசம் வைக்க.

“ஏங்க, இத நீங்களா எழுதுனீங்க?”

“வேற யாரு எழுதுவா? டேப்ப சுத்தத் தெரியாம கைய கிழிச்சிக்கிட்டன் பாரு.” விரலைக் காட்டினான்.

“ரெண்டு மாசந்தான இருந்துது. இப்ப மறுபடியும் மொதல்லேர்ந்து பன்னெண்டு மாசம்.”

“தெரியும்.”

“யூனிட்டுக்காரங்களுக்குச் சொல்லியிருந்தீங்களே.”

“போயி வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டன்.” கீரையைக் காம்பு பார்த்து ஒதுக்கினான். “சாருக்கும் கடுதாசி போட்டுட்டன். பங்க் மோட்டார இன்னம் ரெண்டு மணி நேரம் கூட ஓட்டச் சொல்லி எழுதியிருக்கறாரு. பூபாலன் ஓட்டறான்.”

 அப்புறம் தலையைத் தூக்காமலே சொன்னான்.

“மொத தரம் மோந்தப்ப ‘இல்ல’ன்னுதான் எழுதப் போனன் நீலா. பேனாவ வச்சிட்டன். அப்பறம் மேல ஒன் கையெழுத்த பாத்தன். அஞ்சி வருசம், ஒரு பக்கம் வுடாம. அதுக்குக் கீழ அத எப்படி எழுதறதுன்னு தெரியல.”

நீலாவதி நோட்டை மூடி, விரலை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். அவன் கீரை முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனான்.